இரண்டாவது அப்பம்

அச்சாயா,

பெரிய வியாழன் கால் கழுவும் சடங்குக்குக் கோயிலுக்குப் போகிறேன். நீங்கள் தூங்குவதுபோல் நடிப்பதால் எழுதி வைக்கிறேன்.

இன்று ராத்திரிக்கான பெசகா அப்பம் இரண்டு அவித்திருக்கிறேன். ஒன்றை நான் வந்தபின் நீங்கள் பிட்டுத் தாருங்கள். வாழையிலை மூடியது உங்கள் அண்ணனுக்கு. அவர் மனைவி ஏலிக்குட்டி அக்கா இறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் அப்பம் அவிக்க மாட்டார்கள், நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

காலையில் சொன்னதற்கு, "அவன் வாசல்ல என் கால் படாது" என்றீர்கள். அவர் எல்லைப் பலாமரத்தை வெட்டிப் பதினாறு வருஷம் ஆகிறது. அந்த அடிக்கட்டைகூட மக்கிவிட்டது. நோன்புக்கு ஐம்பது நாள் மீனை விட்டீர்களே, இதை விட முடியவில்லையா? அவருக்கு எழுபத்தாறு, உங்களுக்கு எழுபத்திரண்டு. இன்னும் எத்தனை பெசகா மிச்சம் இருப்பதாக நினைப்பு?

தேங்காய்ப்பாலை மூடியிருக்கிறேன். பூனையையாவது விரட்டுங்கள்.

மரியாம்மா

பி.கு.: நம் மகன் ஜோமோன் இறந்த வருஷம் நமக்கு வந்த அப்பத்தை யார் தந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவித்தது ஏலிக்குட்டி அக்கா. மழையில் நனைந்துகொண்டு நம் அடுக்களை வாசலில் அதை நீட்டியது உங்கள் அண்ணன்.