ஹீட்டர் மாற்றச் சம்மதம்

ஜனவரி 5

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் மகளும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே நம் இருவர் குரலும் கூரைக்கு ஏறிவிடுகிறது, வீட்டு விஷயம் இனிமேல் கடிதத்தில்தான் என்று நீ சட்டம் போட்டாய். சட்டப்படி எழுதுகிறேன்.

மாடிக் குளியலறை ஹீட்டர் உயிரை வாங்குகிறது. அப்பா வாங்கி மாட்டியது, அதன் வயது உனக்கே தெரியும். அதிலிருந்து சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. ஒழுகுவதும் எங்கே? சரியாகக் கீழ் வீட்டு டீச்சரின் ஸ்கூட்டர் சீட்டில். மாத வாடகையும் கொடுத்து, ஈர உடையோடு பள்ளிக்கூடமும் போக வேண்டுமா என்று அந்த அம்மா என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியவில்லை.

பிளம்பர் வந்து பார்த்தார். உள்ளே தொட்டி துருப்பிடித்துவிட்டதாம். சூட்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டும் சரியில்லையாம். பழுது பார்ப்பது வீண் செலவு, மாற்றிவிடுங்கள் என்றார். புதியது பதினான்காயிரம். கூலி, குழாய் எல்லாம் சேர்த்தால் பதினெட்டு. அப்பாவின் வீட்டை நம் இருவருக்கும் பொதுவில் வைத்துக்கொண்டபோது, பெரிய செலவென்றால் இருவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்று பேசினோமே, அதனால் கேட்கிறேன். உன் அத்தான் நாள் முழுக்கக் கத்தரியும் கையுமாக மேசை முன் நின்று துணி வெட்டிவிட்டு வருகிறார். இடுப்பில் வெந்நீர் விழாவிட்டால் மனிதர் நிமிர மாட்டார். சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம், தொகையைப் பார்த்ததும் போய்விட்டது.

அந்தப் பிளம்பர் உன் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார். நான் பம்பு கம்பெனியில் இத்தனை வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். எனக்கே காது குத்தினால் எப்படி? அது தண்ணீர் நிரம்பி வழிகிற குழாய், வேறொன்றுமில்லை. முனையில் ஒரு திருகு மூடியைப் போட்டு இறுக்கச் சொல். மூடி ஒரு டீ விலைதான் இருக்கும். ஸ்கூட்டரும் நனையாது, டீச்சரும் முறைக்க மாட்டார்.

மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். கையைக் கடிக்கிறது அக்கா. பஞ்சப்பாட்டு பாடுகிறேன் என்று நினைக்காதே. வெயில் காலம் போகட்டும், பார்க்கலாம். அதுவரை அவசரப்பட்டு எதையும் வாங்கி மாட்டிவிடாதே. பிறகு பாதியைக் கேட்டு, மறுபடி நமக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோக வேண்டாம். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

அன்புத் தம்பி

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியே ஆயிற்று. பிளம்பர் வெளியூர் போயிருக்கிறார். அத்தானே மூடி வாங்கிவந்து, ஏணி போட்டு ஏறி இறுக்கிவிட்டார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது ஹீட்டர் போட்டால் உள்ளே யாரோ கல்லை உருட்டுகிற மாதிரிச் சத்தம் வருகிறது. குழாயைத் திறந்தால் முதலில் தண்ணீர் வருவதில்லை, சீறிக்கொண்டு ஆவிதான் வருகிறது. முந்தாநாள் என் முழங்கையில் பட்டுக் கொப்புளம் கிளம்பிவிட்டது. முன்பெல்லாம் தண்ணீர் சுட்டதும் சிவப்பு விளக்கு தானாக அணையும். இப்போது நாமாக ஸ்விட்சை அணைக்கும்வரை எரிகிறது.

இது சரியாகப் படவில்லை என்று அத்தானிடம் சொன்னேன். "அவன் பம்பு கம்பெனிக்காரன். தெரியாமலா சொல்லுவான்?" என்கிறார். என்னைவிட அவருக்கு உன்மேல் நம்பிக்கை அதிகம். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
அக்கா

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

வயதானால் முனகத்தான் செய்யும், ஹீட்டரும் சரி, அக்காவும் சரி. கோபித்துக்கொள்ளாதே. தண்ணீரில் இருக்கிற உப்பு அடியில் படிந்து கட்டியாகியிருக்கும், அதுதான் உருளுகிறது. விளக்குதான் கெட்டிருக்கும், ஹீட்டர் இல்லை. கொப்புளத்துக்கு மருந்து போடு, குழாயைத் திறக்கும்போது தள்ளி நில்.

நீ சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. அத்தானுக்கு இருக்கிற நம்பிக்கையில் கால்வாசி உனக்கும் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அன்புத் தம்பி

ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

கேலி எல்லாம் இருக்கட்டும். நேற்றிலிருந்து சத்தம் நின்றுவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டியவள் பயந்து கிடக்கிறேன். எவ்வளவு நேரம் ஹீட்டர் போட்டாலும் உள்ளே ஒரு அசைவு இல்லை. ஆனால் அது மாட்டியிருக்கும் சுவரைத் தொட்டால் கை சுடுகிறது. பக்கத்துப் பெயின்ட் உப்பி உரிந்து வருகிறது. ஹீட்டரின் மேல்தகடு ஒரு பக்கம் புடைத்த மாதிரித் தெரிகிறது. அத்தான் உள்ளே குளிக்கிறபோது நான் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். என்னடி இது புதுப் பழக்கம் என்று சிரிக்கிறார். அடுப்பில் வெந்நீர் வைத்துத் தருகிறேன் என்றாலும் கேட்பதில்லை.

என் நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அவர்தான் தடுத்தார். அப்பா போன பிறகு இந்த வீட்டுக்காக நீயும் நானும் இரண்டு வருடம் முகம் பார்க்காமல் இருந்தோம். நான் அழுதது அவருக்குத்தான் தெரியும். "அவன் சம்மதம் வரட்டும், மறுபடி ஒரு மனஸ்தாபம் வேண்டாம்" என்கிறார். அதற்காகத்தான் பொறுத்திருக்கிறேன்.

உன் பாதியை நீ எப்போது வேண்டுமானாலும் கொடு, கொடுக்காமலும் இரு. வாங்கு என்று மட்டும் எழுது.

அக்கா

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

சம்மதம். உடனே வாங்கு. முதலில் ஹீட்டர் ஸ்விட்சை அணை. இதைப் படிக்கிற இந்த நிமிடமே அணை. அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம். சூடு முழுக்க ஆறிய பிறகு பிளம்பரை வைத்து மூடியைக் கழற்று. அத்தானை ஏணியில் ஏற விடாதே.

இன்று மதியம் கம்பெனியில் சாப்பிடும்போது, சத்தம் நின்றதற்குப் பயப்படுகிற ஒரே ஆள் எங்கள் அக்காதான் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். எங்கள் ஃபோர்மேன் சிரிக்கவில்லை. கையில் எடுத்ததைத் தட்டில் போட்டுவிட்டு, "யாருய்யா மூடி போடச் சொன்னது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அது நிரம்பி வழிகிற குழாய் இல்லையாம். உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற்றுகிற வழியாம். அழுத்தம் மிஞ்சினால் தண்ணீர் கொதிக்கவும் முடியாமல் அடங்கிக் கிடக்குமாம், சத்தம் நின்றது அதனால்தானாம். தெர்மோஸ்டாட்டும் கெட்டு, அந்த வழியையும் அடைத்தால் தொட்டி வெடிக்கும் என்றார்.

அப்போதிலிருந்து போன் செய்துகொண்டிருக்கிறேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. டீச்சர் எண் என்னிடம் இல்லை. கடைத்தெருவுக்குப் போயிருப்பாய் என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன். பதினெட்டாயிரத்துக்கும் காசோலை வைத்திருக்கிறேன். பாதி எல்லாம் வேண்டாம், முழுவதும் என் செலவு. கூரியரில் அனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு வார்த்தை பேசு அக்கா. சட்டமாவது ஒன்றாவது.

தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

உன் கூரியரை டீச்சர் கையெழுத்துப் போட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நீ போன் செய்வதற்கு முந்தின நாள் சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். உன் அத்தான் வேலை முடிந்து வந்து ஸ்விட்சைப் போட்டுவிட்டு, நாற்காலியில் அசந்து தூங்கியிருக்கிறார். விழித்ததும் உள்ளே போய்க் குழாயில் கை வைத்திருக்கிறார். நான் தெருமுனையில் வரும்போது சத்தம் கேட்டது. டீச்சர்தான் கதவை உடைத்து அவரை இழுத்துப் போட்டிருக்கிறார். குளியலறையில் கூரை இல்லை.

உயிர் இருக்கிறது. இடது கண் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். கத்தரி பிடிக்கிற கையில் கட்டைவிரலும் அடுத்த விரலும் போய்விட்டன. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. கட்டுக்குள் கையை அசைத்துப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார்.

உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அவர். "நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்னான்" என்கிறார். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. உன்மேல் இருக்கிற கோபத்தைவிட என்மேல் இருக்கிற கோபம் பெரிது. சுவர் சுடுகிறது என்று தெரிந்தும் உன் கடிதத்துக்காகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அது ஆறாது.

குளியலறையைக் கட்டி, புது ஹீட்டர் மாட்டியாகிவிட்டது. என் நகை சரியாகப் போதுமானதாக இருந்தது. உன் காசோலையை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். நீ புறப்பட்டு வரப்போவதாக, வீட்டுப் போனை எடுத்த டீச்சரிடம் சொன்னாயாம். வராதே. வந்தால் அவர் உன்னைச் சமாதானப்படுத்துவார், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

இனி இந்த வீட்டில் எதற்கும் உன் சம்மதம் கேட்டு எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தும் அவர் இன்னும் அந்த அறைக்குள் போகவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்துத் துணியை நனைத்துத் துடைத்துவிடுகிறேன். இன்று நேரமாகிவிட்டது, அவர் கூப்பிடுகிறார்.

அக்கா