ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய போன்

தம்பிக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் படி.

எனக்கொரு பழைய போன் வாங்கலாமென்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நம் அம்மாவின் போன். பின்பக்கம் அவள் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகூட உதிரவில்லை. அதை அவளோடு குழியில் போட்டுவிட்டதாக ஊருக்கே சொன்னாயே!

"நேத்துதான் வந்துச்சுக்கா, உள்ள ஒண்ணும் அழிக்கல. கம்மியா போட்டுத் தரேன்" என்றார் கடைக்கார பாய்.

வாங்கிவந்து திறந்தேன். பேசுவதையெல்லாம் அது தானாகவே பதிவு செய்யும் என்பது உனக்குத் தெரியாது போலிருக்கிறது.

"நெஞ்ச அடைக்குதுடா, ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போடா" என்கிறாள் அம்மா, கடைசிப் பதிவில்.

"கரும்பு வண்டி மில்லு வாசல்ல நிக்குது. சும்மா நடிக்காத" என்கிறாய் நீ.

அதற்குப் பிறகும் "சாப்டியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைக்கிறாள்.

அவள்தான் எதையுமே சொல்லாமல் தூக்கத்தில் போய்விட்டாள் என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாய். பங்காளிகளெல்லாம் உன்னைத் தாங்கிப் பிடித்தார்கள்.

காரியத்துக்கு மைக்செட் சொல்லியிருக்கிறாயாம். மைக்செட்டுக்காரரிடம் கேட்டேன். போனைச் செருக ஒயர் வைத்திருக்கிறாராம்.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்து தொலைத்தவள்