மான்தோல் சட்டைப் பொம்மைகள்

லாசப்பல், பாரிஸ்

அன்புள்ள கோசலைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உமக்கு இருமல் நின்றுவிட்டதா? அம்மாவை நேரத்துக்கு மருந்து எடுக்கச் சொல்லும்.

போன கிழமை நான் காவல் நிற்கும் மியூசியத்தில் சின்ன அமளி. பயப்படாதேயும், வேலை இருக்கிறது. அமெரிக்காவின் கொமாஞ்சிப் பழங்குடியினர் கையால் செய்த பொம்மைகளை அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மான்தோல் சட்டை, நீளத் தோல் குஞ்சங்கள், காலில் கடுகளவு மணிகள் தைத்த சப்பாத்து. நாள் முழுக்கப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அன்று ஒரு பெண்மணி கண்ணாடியில் கை வைக்க, அலாரம் அலறியது. நான் ஓடிப்போனேன்.

"இவளைத் தைச்சது நான். சால்வையைப் பிழையாப் போட்டிருக்கினம்" என்றார் ஆங்கிலத்தில்.

அவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. பொறுப்பாளர் இசபெல்லைக் கூப்பிட்டேன். பெட்டியில் எழுதியிருந்தது அந்தப் பெண்மணியின் பெயர்தான். இசபெல் உடனே திறந்துவிட்டார். அந்தப் பெண்மணி சால்வையைத் திருத்தி, குஞ்சங்களை ஒவ்வொன்றாகக் கோதிவிட்டார். என்ன கை அது, கோசலை!

"என்ரை மகள் நடனம் ஆடேக்கை போடுற சட்டைதான் இது, அளவுதான் சின்னன்" என்றவர், "உங்களுக்குப் பிள்ளை இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம், ஒரு மகள்."

"என்ன உயரம்?"

இடுப்பருகே கையை வைத்துக் காட்டினேன். பிறகு கொஞ்சம் உயர்த்தினேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் உதயன் அண்ணை கீழே நின்று கூப்பிடுகிறார். அவரிடம் ஆரணியின் உயரத்தை ஒரு நூலில் அளந்து கொடுத்துவிடும். இங்கே ரூ காய் தெருக் கடையில் ஒரு பச்சைப் பாவாடை பார்த்து வைத்திருக்கிறேன். நூலைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டும். அண்ணை திரும்பி வர இரண்டு மாதமாகும்.

உமது
பிரதீபன்