உதயனுக்கு மாதம் ஒரு ஊசி

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
8.2.1977

அன்புச் சந்திராவுக்கு,

நான் சுகம், கடையும் சுகம். வீட்டில்தான் சத்தமே இல்லை.

பிள்ளையின் காதுச் சீழும் நெஞ்சுச் சளியும் தீர்ந்ததும் அடுத்த கப்பலில் வருகிறேன் என்று மெட்ராஸ் போனாய். கப்பல்தான் வந்து வந்து போகிறது. டாக்டரம்மா என்ன சொல்கிறார்? மறைக்காமல், எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன்
அழகேசன்

மெட்ராஸ்
2.3.1977

அன்புள்ள அத்தானுக்கு,

கிருமியோடு சண்டை போட ரத்தத்தில் எதிர்ப்பொருள் வேண்டுமாம். அதைச் செய்யும் செல்கள் வளரும்போதே தங்கள் மரபணுவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றும் ஒரு விதமாகச் சேர்த்து ஒட்டிக்கொள்கின்றனவாம். போன வருஷம்தான் வெளிநாட்டில் எலியிடம் இதைக் கண்டுபிடித்தார்களாம். அதனால்தான் எந்தக் கிருமி வந்தாலும் அதற்குத் தோதான ஒன்று நம்மிடம் இருக்கிறது. நம் உதயனுக்கு அந்தச் செல்கள் வளரவேயில்லை. ஏன் என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை.

அடுத்தவர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை மாதாமாதம் ஊசியாகப் போட வேண்டும். குளிரில் வைக்கிற மருந்து. அங்கே ஏது? என் மேல் கோபப்படாதீர்கள்.

சந்திரமதி

போர்ட் பிளேர்
11.4.1977

சந்திரா,

புரிந்தது. நம் கடையில் நாலு ரக நட்டு, நாலு ரக போல்ட்டு, வாஷர் வைத்துக்கொண்டு ஊரிலுள்ள கதவுக்கெல்லாம் ஏதோ ஒன்றைப் பொருத்திக் கொடுக்கிறேனே, அது மாதிரி. நம் பிள்ளையின் பட்டறைதான் திறக்கவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டேன். கரண்ட் போனாலும் கவலையில்லை. உனக்குச் சொல்லாமல், கடைக்குச் சரக்கு அனுப்பும் மெட்ராஸ் பன்னீர்செல்வத்திடம் சொல்லி ஒரு மாத மருந்தைக் கப்பலில் வரவழைத்தும் பார்த்தேன். கப்பல் சமையல்காரன் ஆட்டுக்கறியோடு வைத்துக் கொண்டுவந்தான். "சேட்ஜி, ஏக்தம் பத்தர்!" என்றான். நிஜமாகவே கல்லாக உறைந்திருந்தது. அவ்வளவு பத்திரம்! கம்பவுண்டரை வைத்து ஊசி போட்டுக்கொள்ளலாம்.

வா.

அழகேசன்

மெட்ராஸ்
29.4.1977

அத்தானுக்கு,

வா என்றதும் பெட்டியைக் கட்டிவிட்டேன். டாக்டரம்மாவிடம் விடைபெறப் போய், மருந்து கல்லாக வந்ததைச் சொன்னால், "உறையவே கூடாதும்மா. உறைஞ்சா அது மருந்தே இல்ல. அதைப் போட்டிருந்தா பிள்ளை என்ன ஆகியிருப்பான்?" என்றார். தீவுக்கு வருகிற மருந்தை ஒவ்வொரு தடவையும் யார் காவல் காப்பது?

பெட்டியை அவிழ்த்துவிட்டேன். உதயன் தினமும் உங்களைத்தான் கேட்கிறான்.

இனி வா என்று எழுதாதீர்கள் அத்தான். எழுதினால் வந்துவிடுவேன்.

சந்திரமதி

போர்ட் பிளேர்
20.5.1977

சந்திரா,

வா என்று எழுதவில்லை.

கடையைப் பக்கத்துக் கடைக் கந்தனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் சொன்ன விலைக்கே தலையாட்டினேன். பயந்துபோய், "அண்ணே, உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சா?" என்று கேட்டான். மெட்ராஸிலும் மனிதர்கள் ஆணி அடிக்கத்தானே செய்வார்கள், பிழைத்துக்கொள்ளலாம்.

இது விமானத் தபாலில் வருகிறது. பின்னாலேயே நான் கப்பலில். கப்பலின் பங்க் படுக்கைக் கூட்டத்தில் எவனாவது எனக்குச் சளியை ஒட்டியிருந்தால், அது போகும்வரை வீட்டுக்குள் வர மாட்டேன். தெருவில் நின்று கூப்பிடுகிறேன். பிள்ளையை ஜன்னலில் தூக்கிக் காட்டு. நீயும் நில்.

உன்
அழகேசன்