பதினேழு ஒன்றுகள்

மூத்த மகளுக்கு அப்பா சொல்ல, கீழ்வீட்டுத் தையற்காரர் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சொல்வதைத் துணி மாதிரி அளவாக வெட்டிவிட வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறார்.

என் முழங்கால் வலி அப்படியேதான். நாலு தடவை போன் போட்டேன், வேலையாக இருந்திருப்பாய். விஷயம் தம்பியைப் பற்றியது.

நீ கையெழுத்துப் போட்டு மனநல மருத்துவமனையில் சேர்த்துப் பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது கட்டிலுக்கு மேலே சுவரில் பென்சிலால் கோடு போடுகிறான். நாளை எண்ணுகிறான் என்று நர்ஸம்மா நினைத்தார். நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு வரிசையில் பத்தொன்பது, அடுத்ததில் இருபத்து மூன்று. சுவர் முழுக்க இதே இரண்டுதான், ஒரு கோடு கூடவில்லை, குறையவில்லை.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அப்போது நீ கல்லூரியில் இரண்டாம் வருடம். கிடங்கிலிருந்து நான் கொண்டுவந்த அட்டையில் இரண்டு பேரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒன்றையே பக்கத்தில் பக்கத்தில் பத்தொன்பது தடவை எழுதினால் வரும் எண்ணை, ஒன்றாலும் அதே எண்ணாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது, அதற்கு அடுத்தது இருபத்து மூன்று ஒன்றுகள் என்று தம்பி எனக்கு விளக்கினான்.

இதை டாக்டரிடம் சொன்னேன். நல்ல மனுஷர், தள்ளிவிடவில்லை. தம்பியை உட்காரவைத்து, தாளில் பதினேழு ஒன்று எழுதி, இதுவும் அப்படி வகுபடாதா, உடையாதா என்று கேட்டார். அவன் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். முப்பத்தெட்டு வருடம் பெட்டி அடுக்கியவன் அல்லவா? பத்தொன்பது பெட்டி மாதிரியே பதினேழையும் சம வரிசையாக அடுக்க வராது, மிச்சம் நிற்கும். அதனால் இதுவும் உடையாது என்று அடித்துச் சொன்னேன்.

தம்பி எழுந்துவிட்டான். "இது உடையும்ப்பா. அடுக்க வர்ற எண்ணிக்கைன்னா கட்டாயம் உடையும். அடுக்க வரலைங்கிறதுக்காக உடையாதுன்னு இல்ல."

எதால் உடையும் என்றார் டாக்டர். அவனுக்கு வரவில்லை. முன்பெல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்வான், மருந்து அப்படி. நெற்றியில் அடித்துக்கொண்டான், மேசையைத் தள்ளினான். இரண்டு பேர் வந்து அமுக்கினார்கள். பெற்ற அப்பா சொல்லியும் கேட்காத பிரமை என்று எழுதிவிட்டார்களாம். மாதக் கடைசியில் பூட்டு வார்டுக்கு மாற்றுகிறார்கள். அங்கே பென்சில் கிடையாது.

கணக்கில் தம்பி தப்பியதே இல்லை, டாக்டருக்கு நீ எழுதம்மா. கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் சொன்னால் எடுபடும். தம்பி சொன்னதுதான் சரி, அப்பா தெரியாமல் உளறினார் என்று எழுது. அன்றைக்கு நீ போட்ட கையெழுத்தை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் அவனைப் பிடித்துவைக்க என் உடம்பில் தெம்பு இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னொரு தாளில், அந்தப் பதினேழு ஒன்றும் எந்த எண்களாக உடையும் என்று மட்டும் உன் கைப்பட எழுதித் தம்பிக்கு அனுப்பு. வேறெதுவும் எழுதத் தோன்றாவிட்டால் பரவாயில்லை. பெருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா. இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பாவின் கைநாட்டு