அம்மாவின் கழுத்துக் கறுப்பு

அக்கராயன்
12.2.1964

அன்பு மகள் கமலாசனி அறிவது,

முறிகண்டிப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். நீயும் மருமகனும் ஈப்போவில் குறையின்றி இருக்க வேண்டும். உனக்கு நான்கு மாதம் என்ற கடிதம் பொங்கலோடு வந்தது. அதை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பதில் பிந்தியதற்குக் காரணம் அதுதான், பயப்படாதே, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

கார்த்திகை மழைக்குள் வேலியோரம் அம்மாவின் காலில் முள் ஏறியது. மஞ்சள் வைத்துக் கட்டினார், காயவில்லை. இரவில் தண்ணீர் விடாய் வேறு. விரல் கறுத்து மணக்கத் தொடங்கிய பிறகே என்னிடம் சொன்னார். சலரோகம், அதுதான் நீரிழிவு, என்று கண்டு சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். அங்கிருந்த இளம் டொக்டர் காலைப் பார்த்ததைவிட என்னைக் கேட்டதுதான் கூட. தாய் சகோதரத்தில் யாருக்கும் இருக்கிறதா என்றார். உன் அம்மம்மா கால் புண்ணோடு போனதையும், வவுனியாவில் யோகநாதன் மாமா மருந்து குடிப்பதையும் சொன்னேன். பிள்ளை பிறக்கும்போது என்ன நிறை என்றார். நீ பத்து இறாத்தலுக்கு மேல், ஊரே வந்து பார்த்தது. இரவில் குறட்டை விட்டு மூச்சுத் திணறுவாரா, நடமாட்டம் உண்டா என்றும் கேட்டார். காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் அம்மா ஓடியோடி வேலை செய்தவர், முற்றத்தில் கிணறும் வயலுக்கு உழவு மெஷினும் வந்த பிறகு குசினிப் பலகையை விட்டு எழும்புவதில்லை. வயிறும் அப்போதுதான் வைத்தது. கழுத்து மடிப்பில் படர்ந்த கறுப்பை ஊத்தை என்று பயற்றம் மா போட்டுத் தேய்ப்பாரே, அதையும் டொக்டர் விரலால் தடவிப் பார்த்தார், இப்படிப் பருத்த உடம்புக்காரரில் கண்டிருக்கிறாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்சுலின் ஊறாமலில்லை ஐயா. வயித்திலை கொழுப்பு கூடக்கூட உடம்பு அதுக்கு மசியுதில்லை." பருத்த எல்லாருக்கும் வராதாம், பரம்பரையும் இருந்த இடத்தில் இருப்பதும் சேர்ந்தால்தான் பயமாம்.

இப்போது நெல் அரிவு வெட்டு நேரம். விடிய எழும்பிக் குரக்கன் பிட்டு அவித்து, புண்ணைக் கழுவிக் கட்டி, பிறகு வயலுக்குப் போகிறேன். நேற்று அம்மா அரிசிப் பானைக்குள் பனங்கட்டி ஒளித்து வைத்திருந்ததைக் கண்டேன். ஏசவில்லை, எனக்கு ஏசவும் களைப்பு. அவர்தான் அழுதார்.

பிள்ளை, உனக்கு அம்மாவின் உடம்புவாகு. மருமகன் அனுப்பிய படத்தில் நன்றாகப் பருத்துவிட்டாய் என்று எல்லாரும் மெச்சினார்கள். நான் மட்டும் அதை வெளியே கொண்டுபோய் உன் கழுத்தை உற்றுப் பார்த்தேன், படத்தில் ஒன்றும் விளங்கவில்லை. வேலைக்காரி இருக்கிறாள் என்று இருந்துவிடாதே, இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்பாரின் கதையைக் கேளாதே. இதை எழுதுவதா விடுவதா என்று நான் யோசித்தபோது அம்மா சொன்னார்: "என்ரை நகையளைக் குடுத்தன், என்ரை முகத்தைக் குடுத்தன். இதையும் குடுக்க ஏலாது. எழுதுங்கோ."

உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் சிவபெருமான் காப்பாராக. மறக்காமல் சலமும் இரத்தமும் சோதித்து, வந்ததை ஒளிக்காமல் எழுது. தபாற்காரன் வரும் நேரத்துக்கு அம்மா தடியை ஊன்றிப் வேலிப் படலை வரை போய் வருகிறார். டொக்டர் சொன்ன நடை இப்போதைக்கு அவ்வளவுதான்.

உன் நலமே நினைக்கும் ஐயா,
வே. மயில்வாகனம்