மிச்சமிருக்கும் கிளட்ச்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய முதல் மாணவர் ஒரு பல் டாக்டர். ஒரே சிக்னலில் ஏழு தடவை வண்டியை அணைத்தார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. எட்டாவது தடவை அவருக்குப் பதிலாக நான் கிளட்சை மிதித்து விட்டேன். பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. வண்டி நகர்ந்ததும், "பாத்தீங்களா மேடம், நானே எடுத்துட்டேன்!" என்று பூரித்துப்போனார். "சபாஷ்" என்றேன். பத்தொன்பது வருடமாக இதே பிழைப்பு. மிதிப்பது நான், சபாஷ் அவர்களுக்கு.

மாலையில் எலும்பு டாக்டர். இடது முழங்கால். உள்ளே குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதாம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. படம் எடுத்தவருக்குப் புரிந்திருக்கிறது. எடுத்தவர் என் கணவர். அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுதான் அவர் வேலை. மதியம் படம் எடுத்ததிலிருந்து என்னிடம் எரிந்து விழாமல் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"டீச்சிங்கைக் குறைச்சீங்கன்னா நாலு வருஷம், அஞ்சு வருஷம் ஓட்டலாம்மா. அப்புறம் கிளட்ச்சே வேண்டாம். ஆட்டோமேட்டிக்தான்" என்றார் டாக்டர்.

நாலைந்து வருடம். ஊரார் கிளட்சை மிதித்தே ஒரு முழங்காலைத் தீர்த்திருக்கிறேன். எனக்கென்று எதை மிதித்தேன்?

மார்ச் 5, புதன்

முடிவு செய்தாயிற்று. இனி ஒரு நாளைக்கு நான்கு மாணவர்கள்தான். மிச்சமிருக்கும் கிளட்ச் எனக்கு.

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். வேகமாகப் போக வேண்டும், கியர் இருக்க வேண்டும், என் சக்திக்குள் இருக்க வேண்டும். சனி ஞாயிறு அணைக்கட்டுக்குப் பின்னால் ஏறும் பழைய மலைப்பாதை. புது நெடுஞ்சாலை வந்த பிறகு அந்தப் பக்கம் ஈ காக்கை போவதில்லை. எண்பத்தாறு வளைவுகள். எண்ணி வைத்திருக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன்.

"இந்த வயசுல ஸ்போர்ட்ஸ் காரா?"

"எந்த வயசுல வாங்கணும்? செத்தப்புறமா?"

"ஆட்டோமேட்டிக்லயே ஸ்போர்ட்ஸ் கார் வருதே. கியர் தானா மாறிடும்." அவருடைய லைசன்ஸே ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான். அந்த மனுஷனுக்கு கியர் என்பது வெறும் எரிச்சல்.

"கியர் தானா மாறும். நீங்க மாறுவீங்களா?"

எழுந்து துணி மடிக்கப் போனார். என் சட்டைகளை மட்டும் மடிக்காமல் வைத்திருந்தார்.

மார்ச் 8, சனி

முதல் வண்டி. மஞ்சள் நிறம், டர்போ. விற்பவர் ஜிம் நடத்துகிறவர். தோள் இரண்டும் கதவை அடைத்துக்கொண்டு நின்றன.

துணைக்கு எங்கள் பயிற்சிப் பள்ளி மெக்கானிக்கை அழைத்துப் போனேன். பட்டப்பெயர் சந்தேகம். தொழிலே அதுதான்.

"அக்கா, ஆயில் புதுசா இருக்கு. ஏன் நேத்து மாத்தினான்?"

"பழசா இருந்திருந்தா?"

"ஏன் மாத்தலன்னு கேட்டிருப்பேன்."

நான் ஓட்டினேன். அதை ஓட்டியதாகச் சொல்வதே பாவம். கண்ணாடிகளைச் சரிசெய்ய நான்கு நிமிடம். ஆளில்லாத தெருவில் இண்டிகேட்டர். நாற்பதைத் தாண்டவில்லை. போதாததற்கு, பழக்க தோஷம், வாய் விட்டே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்: "வேகத்தைக் குறைங்க... கண்ணாடி பாருங்க... இப்ப மெதுவா திரும்புங்க." பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜிம்காரர் ஒவ்வொன்றுக்கும் "சரி மேடம், சரி மேடம்" என்று தலையாட்டினார்.

இறங்கும்போது தயங்கித் தயங்கி, "மேடம், இது இன்னும் கொஞ்சம் போகும்" என்றார்.

போகும், தெரிகிறது. நான் போவேனா? மெதுவா மெதுவா என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அது எனக்கே ஒட்டிக்கொண்டதா? முழங்காலைத் தேய்த்த அதே வேலை இதையும் தேய்த்துவிட்டதா?

மார்ச் 9, ஞாயிறு

முழங்கால் வலிக்கவில்லை. மானம்தான் வலிக்கிறது.

மார்ச் 15, சனி

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஒரு காலில் மட்டும் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன்.

சிவப்பு ஹேட்ச்பேக். விற்பவர் வீட்டுத் தரகர், கறுப்புக் கண்ணாடி, செண்ட் வாசனை. பார்த்தவுடன் வண்டி மனதுக்குப் பிடித்துவிட்டது. பளபளவென்று, கண்ணாடி தேவையில்லாமல் முகம் பார்க்கலாம். சந்தேகம் படுத்துப் பார்க்க ஆரம்பிக்குமுன்பே தரகர் அவசரப்பட்டார். "முதல்ல நான் ஓட்டிக் காட்டறேன் மேடம். அப்புறம் உங்களுக்கே வார்த்தை வராது." சந்தேகம் பின்சீட்டில். நான் முன்சீட்டில், பக்கத்தில். அங்கேதான் தப்பு. என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைக்கவே கூடாது.

தொழிற்பேட்டைப் பின்தெருவில் விரட்டினார். வளைவில் குப்பை வண்டி ஒன்று ரிவர்ஸில் வெளியே வந்தது. அவர் பிரேக்குக்குப் போவதற்குள் என் வலது கால் போய்விட்டது. பத்தொன்பது வருடப் பழக்கம், முழு பலம். அந்த வண்டியில் என் பக்கம் பிரேக் ஏது? கால் தரைவிரிப்பில் இறங்கியது. இறங்கி, நிற்காமல், இன்னும் இறங்கியது. மொறுமொறுவென்று ஒரு சத்தம். கணுக்காலில் காற்று அடித்தது.

குனிந்து பார்க்கிறேன், சாலை தெரிகிறது.

வண்டி நின்றுவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செருப்பு மட்டும் குப்பை வண்டிக்கு அடியில் போய்விட்டது. தரகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கத்தினார். "வண்டியை ஒடச்சிட்டீங்களே மேடம்! இப்ப யார் பொறுப்பு?"

சந்தேகம் இறங்கி, நிதானமாக விரிப்பைத் தூக்கினார். அடியில் தகரமே இல்லை. துருவுக்கு மேல் அட்டை, அட்டைக்கு மேல் தார், தாருக்கு மேல் பெயிண்ட்.

"இதை அக்கா ஒடைக்கல சார். மழை ஒடச்சது. அக்கா சும்மா கால்தான் வச்சாங்க." என் பக்கம் திரும்பி, "நான் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆகியிருக்கும்க்கா" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

வீட்டில் சொன்னபோது கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்து நாள் கழித்துச் சிரிக்கிறார். சட்டென்று நிறுத்திவிட்டு, "எந்தக் கால்?" என்று கேட்டார்.

"வலது."

"நல்லவேளை" என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

சண்டை. சின்ன விஷயத்தில் ஆரம்பித்தது. கறுப்பு கூபே ஒன்று, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், விற்பனைக்கு வந்திருக்கிறது, அடுத்த சனி போகிறேன் என்றேன். அவ்வளவுதான்.

"ஒனக்கு என்ன தெரியும்? அந்தப் படத்தை எடுத்தவன் நான். திரையில வந்ததும் பாத்தேன். டாக்டர் சொன்ன அஞ்சு வருஷமெல்லாம் உன் மனசு நோகக்கூடாதுன்னு சொன்னது!"

"அதனால? உக்காந்து காலைப் பாத்துக்கிட்டே இருக்கணுமா? யாருக்குக் காப்பாத்தி வைக்கணும் இதை?"

ரெண்டு பேரும் கத்தினோம். நான்தான் ஜாஸ்தி. கதவைச் சாத்திக்கிட்டு வந்து எழுதறேன். ஆமா, பயமாத்தான் இருக்கு. டாக்டர் சொன்னது அஞ்சு, இவர் பாத்தது எத்தனை? மூணா? ரெண்டா? கேக்கத் தைரியம் இல்ல. அவருக்குச் சொல்லவும் தைரியம் இல்ல. கோவம்னு நெனச்சேன். கோவம் இல்ல அது. அந்த ஆளும் பயந்து போயிருக்காரு.

மார்ச் 19, புதன்

பேச்சுவார்த்தை இல்லை. உப்பு எங்கே என்று ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டிக் கேட்கிறார். "இருந்த இடத்தில்" என்று கீழே எழுதிவிட்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

கிளம்பும்போது கணவர் கேட்காமலே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கனமான பை. "என்ன அது?" "வேலை சாமான்."

கறுப்பு கூபேக்காரர் ஒரு பேக்கரி முதலாளி. நல்ல மனிதர், வண்டியும் நல்ல வண்டி. சந்தேகமே முக்கால்வாசி திருப்தியோடு எழுந்தார். நான் சாவியை வாங்கக் கையை நீட்டினால், குறுக்கே கணவர். "ஒரு நிமிஷம்" என்று பையைத் திறந்தார். மணல் மூட்டைகள்! எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளி கை காலை ஆட்டாமலிருக்க மேலே வைப்பார்களே, அந்தக் குட்டி மூட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ.

தரையில் மண்டியிட்டு, கிளட்ச் பெடல் மேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். வழுக்கியவற்றை பேண்டேஜ் துணியால் கட்டினார். பேக்கரி முதலாளி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பன்னிரண்டாவது மூட்டைக்குத்தான் பெடல் முழுசாக இறங்கியது.

"பன்னெண்டு. ஒங்க ஸ்கூல் வண்டி ஏழு. நேத்தே போய் அளந்துட்டேன்" என்றார் என்னைப் பார்க்காமல்.

கோபம் வரவேண்டும். வரவில்லை. இந்த மனுஷன் எனக்குத் தெரியாமல் என் வேலை இடத்துக்கு மணல் மூட்டை சுமந்து போயிருக்கிறார்.

ஆனாலும் ஓட்டினேன். ஏரிக்கரைச் சாலையில் மூன்றாவது வளைவில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. நான்காவதில் எண்பது. கண் முன்னால் ஓடியது, கால்கள் தாங்களாகவே பேசிக்கொண்டன. இருக்கிறது! தேயவில்லை! உள்ளேயே இருந்திருக்கிறது, யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

எட்டாவது கிலோமீட்டரில் முழங்கால் பூட்டிக்கொண்டது. பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டினேன். இறங்க முடியவில்லை. கணவர் என் காலைப் பிடித்து மெல்ல நீட்டினார். "சொன்னேன்ல" என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவரை மன்னித்தேன்.

மார்ச் 26, புதன்

விளம்பரங்களை இப்போது அவரும் பார்க்கிறார். குதிரைச் சக்தி எவ்வளவு என்று நான் கேட்டால், "எத்தனை மூட்டைன்னு கேளு" என்கிறார்.

மார்ச் 29, சனி

சின்ன வெள்ளி நிற வண்டி. இரண்டே கதவு, இரண்டே சீட். விற்பவர் ஒரு கணக்கு டீச்சர். குழந்தை பிறந்திருக்கிறது, தொட்டில் வைக்க இடமில்லை. குறைகளை அவரே வரிசையாக ஒப்பித்தார்: "கூரை ஒழுகும். ஹீட்டரை அணைக்கவே முடியாது. மூணாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும், கெஞ்சணும்."

எஞ்சின் கறுப்பு கூபேயுடையதில் பாதிகூட இல்லை. ஆனால் வண்டியின் எடையும் பாதிதான்.

மூட்டைகள்: ஐந்து. கணவர் நம்பாமல் அவிழ்த்து மறுபடி அடுக்கினார். ஐந்தேதான்.

சந்தேகம் முக்கால் மணி நேரம் அடியில் கிடந்தார். வெளியே வந்து தலையைச் சொறிந்தார். "டீச்சரம்மா சொன்னதைத் தவிர ஒரு குறையும் தெரியலக்கா. அதான் சந்தேகமா இருக்கு."

வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அணைக்கட்டுப் பாதை. நானும் அவரும்.

ஏறும்போது எண்பத்தாறு வளைவுகளும் என்னுடையவை. வேகம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இந்த வண்டியில் அறுபதே தொண்ணூறு மாதிரி இருக்கிறது. என் பின்புறம் சாலையிலேயே தேய்வதுபோல் அவ்வளவு தாழ்வு. மூன்றாவது கியரிடம் கெஞ்சினேன், கேட்டது. ஒரு வளைவில் என்னையறியாமல் கூவிவிட்டேன். நாற்பத்தேழு வயதுப் பொம்பளை. அவர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார்.

உச்சியில் இறங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எழுந்தால் முழங்கால் மடங்கவில்லை. ஐந்து மூட்டைதான், ஆனால் எண்பத்தாறு வளைவு. அந்தக் கணக்கை இருவரும் போடவில்லை.

போனில் சிக்னல் இல்லை. கடைசியில் அவர் ஓட்டுநர் சீட்டில் ஏறினார். லைசன்ஸ்படி தப்பு. ஓட்டக் கற்றுத் தருகிற நான் செய்யவே கூடாத தப்பு. செய்தேன்.

"எதை மிதிக்கணும்?"

"இடது காலால கிளட்ச்சை. அந்தக் காலை ஏன் சீட்டுக்கு அடியில மடிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் கிளட்சை மிதிக்க, கியரை நான் போட்டேன். "மிதிங்க" என்றால் மிதித்தார், "விடுங்க" என்றால் பொத்தென்று விட்டார். வண்டியை அணைத்த கணக்கை விட்டுவிட்டேன். மாணவர்களிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. இவரைப் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினேன். "நீ போட்ட கியர்தான் தப்பு!" என்று அவரும் திருப்பிக் கத்தினார். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல். மாட்டு வண்டி வேகம். பாதி மலை இறங்கும்போது கவனித்தேன், "மிதிங்க" என்று நான் சொல்லவேயில்லை. என் கை கியருக்குப் போனதும் அவர் கால் போயிருந்தது.

அடிவாரத்தில் போன் சிக்னல் வந்தது. சந்தேகத்தைக் கூப்பிடட்டுமா என்றேன். "எதுக்கு? வீடு வரைக்கும் போவோம்" என்றார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முகத்தைப் பார்த்தால் பரீட்சையில் பாஸான பையன்.

வேண்டாம், தெருவில் போலீஸ் இருக்கும் என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, சந்தேகத்தைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

காலை ஏழு மணி மாணவர் புதுசு என்றார்கள். ஆபீஸில் போய்ப் பார்த்தால், பெஞ்சில் இவர். ஆஸ்பத்திரிச் சீருடையோடு, வரிசையில் உட்கார்ந்து, விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பயிற்சிக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் சொந்த உபயோகம் என்று எழுதுவார்கள், அல்லது வேலைக்கு. இவர் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார்: "மனைவி ஓட்டுவதை நிறுத்தும்போது வண்டியை விற்கக் கூடாது. அதன் பிறகு மிதிக்க வீட்டில் ஒரு கால் வேண்டும்."

தினமும் நான் கையெழுத்துப் போடும் இடமே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவரே விரல் வைத்துக் காட்டினார்.

வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக, என் பக்கத்துக் கிளட்ச் மேலிருந்து இடது காலை எடுத்து, தூர நீட்டி வைத்துக்கொண்டேன். இந்த ஒரு மாணவருக்கு மட்டும் உதவி கிடையாது. எத்தனை தடவை அணைந்தாலும் அவரே மிதித்துக் கற்றுக்கொள்ளட்டும்.